நடையா, பளுவா, கம்பஞ்சோறா: உங்கள் உடம்புக்கு எது முதலில்?

பல்லடம், சோமனூர் பக்கம் நாற்பதைத் தாண்டிய ஒருவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பரிசோதனைச் சீட்டு வந்துவிட்டால் போதும், அன்று மாலைக்குள் மூன்று யோசனைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேரும். விடியற்காலையில் எழுந்து நடக்கச் சொல்வார் மாமா. அரிசியை நிறுத்திவிட்டுக் கம்புக்கு மாறச் சொல்வார் சித்தி. ஜிம்முக்குப் போகலாம் வாருங்கள் என்பான் கல்லூரியில் படிக்கும் மகன். மூன்றுமே நல்ல யோசனைகள்தான். ஆனால் தறியையோ கடையையோ தோட்டத்தையோ கட்டிக்கொண்டு அழுகிறவர் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிட முடியாது. ஒன்றைத்தான் பிடிப்பார். இரண்டு மாதத்தில் பலன் தெரியவில்லை என்றால் அதையும் விட்டுவிடுவார். அப்புறம் மாத்திரைதான். அதனால் எதை முதலில் பிடிப்பது என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒல்லியானவர் சாப்பாட்டைக் குறைப்பதில் தொடங்கக் கூடாது. பளு தூக்குவதில் தொடங்க வேண்டும். தொப்பை உள்ளவர் காலை நடையை நம்புவதைவிட இரவுச் சாப்பாட்டில் கைவைப்பது மேல். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

என் பெரியப்பா மகன்கள் இருவரையே எடுத்துக்கொள்கிறேன். இருவருக்கும் உயரம் 170 சென்டிமீட்டர். மூத்தவர் 62 கிலோ. தறிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று, நடந்து வேலை பார்க்கிறவர். கை கால் குச்சியாக இருக்கும். சட்டையைக் கழற்றினால் மட்டும் வயிறு முன்தள்ளித் தெரியும். இளையவர் 88 கிலோ, நூல் வியாபாரம், உட்கார்ந்த இடத்தில் வேலை. எந்த நோம்பிக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் இளையவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள்: ‘உங்கள் அண்ணனைப் பாருங்கள், உடம்பை எப்படி வைத்திருக்கிறார்!’ ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் மூத்தவருக்கு 6.2, இளையவருக்கு 5.6. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உடம்பை நன்றாக வைத்திருப்பதாகப் பெயர் எடுத்தவர்தான் அந்த வாசலில் நிற்கிறார்.

இது விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒரே அளவு: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். எடை ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. நம்மவர்களின் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் பரவாமல் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றித் தங்குகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று வரையறுத்திருக்கிறார்கள். மேலை நாடுகளில் இந்த எல்லைகள் 25-ம் 30-ம்.

ஆகவே எடை மிஷினைவிட டெய்லரின் டேப்பை நம்புங்கள். மூச்சை வெளியே விட்டு, தொப்புள் மட்டத்தில் இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. பேன்ட் அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நம் ஆண்கள் வேட்டியையும் பேன்ட்டையும் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள். வயிறு எவ்வளவு வளர்ந்தாலும் கடையில் கேட்கும் அளவு பத்து வருடமாக 34-ஆகவே இருக்கும். மூத்தவருக்கு டேப்பில் 92 வந்தது. அவர் நம்பாமல் இன்னொரு முறை அளக்கச் சொன்னார்.

ஜிம் சுவர்களிலும் யூடியூபிலும் உடம்பை ஒல்லி, கட்டுமஸ்து, உருண்டை என்று மூன்றாகப் பிரித்து, அவரவர் வகைக்கு ஒரு பயிற்சி, ஒரு சாப்பாடு என்று சொல்கிறார்கள். 1940-களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் பிரித்த பிரிவு இது. உடல் அமைப்பை வைத்து மனிதரின் குணத்தையே சொல்லிவிடலாம் என்று அவர் நம்பினார். அந்தக் கருத்தை அறிவுலகம் எப்போதோ ஒதுக்கிவிட்டது. அதை வைத்து யாரும் பணம் கட்டிப் பயிற்சித் திட்டம் வாங்க வேண்டியதில்லை. தசை எவ்வளவு, வயிற்றுக் கொழுப்பு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகள் போதும்.

நடை

நடைக்கு ஆதரவாகப் பேச ஆளே தேவையில்லை. செலவில்லை, கருவி வேண்டாம், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கோவை ரேஸ்கோர்ஸிலும் பெரியகுளக் கரையிலும் ஈரோடு வ.உ.சி. பூங்காவிலும் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மனத்துக்கும் இதைவிட எளிய மருந்து கிடையாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமானது.

ஆனால் எடையைக் குறைக்க நடையை மட்டும் நம்புகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 70 கிலோ உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 250 முதல் 300 கலோரி செலவாகும். ஒரு பரோட்டா ஏறக்குறைய அதே அளவு. நடந்து முடித்த கையோடு வாசலில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் இறங்கினால் கணக்கு சமம்.

‘நாள் முழுக்கத் தறிக்கு நடுவில் நடக்கிறேன், எனக்கு எதற்குத் தனியாக நடை?’ என்று மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. தறிக்கூடத்து நடை நாலு எட்டு வைத்து நிற்பது, அறுந்த நூலை முடிவது, மறுபடி நாலு எட்டு. இடுப்பும் காலும் வலிக்கும். நெஞ்சுத் துடிப்பு ஏறாது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. அதே நேரம் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவரை விடிகாலை ஐந்துக்கு எழுப்பி ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வதும் இரக்கமில்லாத யோசனை. அவருக்குத் தூக்கம்தான் முதலில் வேண்டும்.

அவருக்கு ஏற்றது வேறு நடை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயாளிகளில் நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் நடப்பதையும், ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொத்த நேரம் ஒன்றுதான்; ஆனால் சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகவே குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வித்தியாசம் இன்னும் கூடுதல். அசையும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வீதியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நான்கு முறை போய் வந்தாலே பத்து நிமிடம் ஆகிவிடும்.

பளு

நம் பக்கத்தில் மிகவும் புறக்கணிக்கப்படுவது இதுதான். அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பளு தூக்குவது இளவட்டங்கள் சட்டைக்கு மேல் புஜம் தெரிவதற்காகச் செய்வது என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் தசை. தசை சிறுத்துவிட்டால் சர்க்கரைக்கு இடமில்லை. தானியக் குதிர் சிறுத்துப்போன வீட்டில் அறுவடை முற்றத்திலேயே குவிந்து கிடப்பதைப்போல அது ரத்தத்திலேயே தங்கிவிடும். முப்பதைத் தாண்டிய பிறகு, பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது. ஒல்லியான, கை கால் சூம்பிய, வயிறு மட்டும் தள்ளிய உடம்பு என்பது இதன் வெளித்தோற்றம். அப்படிப்பட்டவர் பயந்துபோய்ச் சோற்றைப் பாதியாகக் குறைத்தால் கரைவதில் கணிசமான பங்கு இருக்கிற கொஞ்ச நஞ்சத் தசைதான். எடை 58-க்கு இறங்கும், கன்னம் ஒட்டும், ஊரே ‘சர்க்கரை வந்துவிட்டதா?’ என்று கேட்கும். தசை குறைந்த உடம்பில் சர்க்கரை மட்டும் எதிர்பார்த்த அளவு இறங்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இரண்டாவது வரி ஒன்று உண்டு: வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. நடையைப் பற்றிய முதல் வரி எல்லோருக்கும் தெரியும். இது பலர் காதில் விழுந்ததே இல்லை.

ஜிம்முக்குப் போக முடிந்தால் நல்லது. கூச்சமாக இருந்தாலோ பணம் இடித்தாலோ வீடே போதும். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். பழகியதும் திண்ணை விளிம்பில், பிறகு தரையில். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பித் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று. பத்தாவது முறை எளிதாக வந்துவிட்டால் அடுத்த வாரம் கனத்தைக் கூட்டுங்கள். கூட்டுவதுதான் இதன் உயிர். ஒரே கேனை வருடம் முழுக்கத் தூக்குவதால் தசை வளராது. தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம் அடக்கக் கூடாது.

பளு தூக்குகிறவருக்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. மூத்தவருக்கு நாளுக்கு ஐம்பது கிராமுக்கு மேல். அதற்குப் பவுடர் டப்பா தேவையில்லை. இரண்டு நாமக்கல் முட்டையில் 12 கிராம். உலர்ந்த கொள்ளு நூறு கிராமுக்கு 22 கிராம் அளவு. கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறு கடைசலும் நம் அடுப்பில் காலம் காலமாக வேகிறவை. நாம் செய்யும் பிழை அளவில்தான். குண்டான் சோற்றுக்கு ஒரு கரண்டிப் பருப்பு என்பதை மாற்றி, பருப்பைத் தட்டின் கால் பங்குக்குக் கொண்டுவர வேண்டும்.

பெண்கள் பளு தூக்கினால் ஆணைப் போல ஆகிவிடுவார்கள் என்ற பயம் ஆதாரமில்லாதது; அதற்கான ஹார்மோன் அவர்கள் உடலில் மிகக் குறைவு. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. எலும்பைக் காப்பது பளுதான். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிட்டு, முட்டையைப் பிள்ளைக்கு வைத்துவிடும் அக்காமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யோகா இந்தப் போட்டியில் எங்கே நிற்கிறது என்று கேட்பார்கள். 2018-ல் பத்மஸ்ரீ பெற்று, 2019-ல் 99 வயதில் மறைந்த கோவை நானம்மாள் பாட்டி பிறந்த மண்ணில் யோகாவைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. மூட்டு வளைவு, சமநிலை, மன அமைதி, தூக்கம் ஆகியவற்றுக்கு அது சிறந்தது. ஆனால் உட்கார்ந்து செய்யும் எளிய ஆசனங்கள் தசையைப் பெரிதாக வளர்ப்பதில்லை. சேர்த்துக்கொள்ளலாம், மாற்றாக வைக்க வேண்டாம்.

வள்ளி கும்மிக்கு நான் அதைவிட அதிக மதிப்பெண் தருவேன். இந்தக் கலையைக் கற்பித்ததற்காக மேட்டுப்பாளையம் பக்கத்து தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, கைதட்டி, குதித்து ஒரு மணி நேரம் ஆடினால் வேகநடைக்குக் கொஞ்சமும் குறையாது. ஜிம் வாசலில் கால் வைக்கத் தயங்கும் பெண்கள் கும்மிப் பயிற்சிக்குப் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தனியாக நடக்கிறவர் மழை வந்தால் நின்றுவிடுவார். குழுவில் ஆடுகிறவரை மற்றவர்கள் வந்து அழைத்துப்போவார்கள்.

சாப்பாடு

கம்பும் சோளமும் ராகியும் இந்த மேட்டுக்காட்டின் சொந்த உணவு. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரும் ரேஷன் அரிசியும் வந்தபின்தான் மூன்று வேளையும் நெல்லுச்சோறு என்றானது. திரும்பிப் போவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கம்பு மருந்தல்ல. நூறு கிராம் கம்பும் நூறு கிராம் அரிசியும் ஏறக்குறைய ஒரே கலோரிதான், சுமார் 350. வித்தியாசம் நார்ச்சத்தில்: கம்பில் 11 கிராம் அளவு, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. நார் இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறையும், சர்க்கரை மெல்ல ஏறும். இந்த நன்மை குருணையாக உடைத்துப் பொங்கிய கம்பஞ்சோற்றில் கிடைக்கும் அளவுக்கு, நைசாக அரைத்துக் கொழகொழவென்று காய்ச்சிய கூழிலோ சர்க்கரை போட்ட ராகிக் கஞ்சியிலோ கிடைக்காது. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்துவிட்டு வந்து தாத்தா சாப்பிட்ட களி உருண்டையின் அளவு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பேரனுக்குப் பொருந்தாது.

இளையவரின் நாளை உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். காலை மூன்று இட்லி, மதியம் அளவான சோறு. அங்கே பெரிய தப்பு இல்லை. மாலை ஆறு மணிக்குப் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும். வாரத்தில் சில நாள் தள்ளுவண்டிக் காளான். பெயர்தான் காளான், தட்டில் இருப்பது பெரும்பாலும் முட்டைக்கோசும் மாவும் எண்ணெயும். இரவு கணக்கு முடித்து வீடு சேரப் பத்து மணி. அப்போது நான்கு தோசை அல்லது கடையில் வாங்கிய பரோட்டா. பத்தரைக்குப் படுக்கை. நாளின் உணவில் பாதிக்கு மேல் ஆறு மணிக்கும் பத்தரைக்கும் நடுவில் உள்ளே போகிறது, அப்புறம் அசைவே இல்லை. இவருக்குக் காலை நடை ஒரு மணி நேரம் கொடுப்பதைவிட இந்த நாலரை மணி நேரத்தைச் சீர்செய்வது பல மடங்கு பலன் தரும். ஆறு மணிக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ கையோடு கொண்டுபோவது. எட்டு மணிக்குக் கடையிலேயே வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிடுவது. பத்து மணிக்கு மோர் மட்டும். அவர் மனைவி டிபன் கேரியர் கொடுத்துவிடத் தயாராக இருந்தார். இவர்தான் கௌரவம் பார்த்தார்.

பேலியோ முறை நம் பக்கம் நிறையப் பேரைக் கவர்ந்திருக்கிறது. தானியத்தை அடியோடு நிறுத்தினால் சர்க்கரை வேகமாக இறங்குவது உண்மை. ஆனால் ஆடி நோம்பிக்கு ஒப்புட்டும் கச்சாயமும் சுடும் வீட்டில், சைவம் சாப்பிடும் குடும்பத்தில் அதை எத்தனை வருடம் காக்க முடியும்? சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறுகிறது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 609 பேரை மாவுச்சத்துக் குறைந்த உணவு, கொழுப்புக் குறைந்த உணவு என்று இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தார்கள். முதல் பிரிவில் சராசரியாக 6 கிலோ, இரண்டாவதில் 5.3 கிலோ குறைந்தது. பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே எந்த முறையை நோம்பி நாளுக்கு அடுத்த நாளும் தொடர முடியுமோ அதை எடுங்கள்.

எடுத்த முடிவு

இளையவருக்கு இலக்கு ஆறு கிலோ, அதாவது எடையில் 7 சதவீதம். அமெரிக்காவில் சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் நடந்து 2002-ல் வெளியான பெரிய ஆய்வில் இந்த 7 சதவீதமும் வாரம் 150 நிமிடப் பயிற்சியும்தான் இலக்கு. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்பார்மின் மாத்திரையால் 31 சதவீதம்தான். அவருக்குச் சர்க்கரை இன்னும் எட்டவில்லை என்பதற்காக விட்டுவைக்க முடியாது. குறட்டையும் முழங்கால் வலியும் வந்துவிட்டன. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது. இரவுச் சாப்பாடு முதலில், இரண்டாம் மாதம் நடை, மூன்றாம் மாதம் பளு.

மூத்தவருக்கு வரிசை வேறு: வாரம் மூன்று நாள் பளு, தட்டில் பருப்பும் முட்டையும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீதி நடை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் பயறு. மொத்த அளவைக் குறைக்கவில்லை. எடை குறையாவிட்டால் பலனில்லையா என்று அவர் கேட்டதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையில் சொல்லும்படியான மாற்றமே இல்லை.

இருவருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. 2024 சீசனில் வெள்ளியங்கிரி மலை ஏறும்போது பக்தர்கள் அடுத்தடுத்து உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வருடம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் ஏழு மலை ஏற வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் அங்கேயே நின்று உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சியையோ உணவையோ மாற்றும் முன் மருத்துவரிடம் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரெனத் தாழும்.

அடுத்த எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதம் கழித்து எடுங்கள். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் கலந்தே வரும். அதுவரை மாதம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் டேப், முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்ற எண்ணிக்கை, இரண்டையும் காலண்டர் தாளிலேயே குறித்துவையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சீட்டோடு அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.